அமெரிக்கத் தாதியர் ஏறிய படிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குறுகிய பயிற்சி பெற்ற பிராக்டிகல் நர்ஸாக உழைக்கும் ஒரு பெண், கடன்சுமையில் அகப்படாமல் முழுப் பயிற்சி பெற்ற ரிஜிஸ்டர்ட் நர்ஸாக உயர்வதற்கு இன்று வகுத்துக்கொள்ளும் வழி, அவளுக்கு முன் பல தலைமுறைப் பெண்கள் பட்ட சிரமங்களுக்குப் பிறகே திறந்தது.

1873ஆம் ஆண்டில் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய நகரங்களில், நைட்டிங்கேல் அம்மையாரின் முறையைத் தழுவித் தாதிப் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. மாணவி விடுதியிலேயே தங்கி, இரவும் பகலும் நோயாளிகளுக்குச் சிசுருஷை செய்து, பெரும்பாலும் தன் உழைப்பையே கட்டணமாகச் செலுத்தினாள். ஆஸ்பத்திரிகளுக்கு இது பெரும் லாபம். ஆனால் குழந்தைகளை உடையவளும், கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குகிறவளும் ஆண்டுக்கணக்காக வீட்டைத் துறந்து விடுதிவாசம் செய்வது எங்ஙனம்? பல பள்ளிகள் மணமானவர்களைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தன. அவ்வாறு தங்கிப் பயில இயலாதவர்களுக்கும் எட்டக்கூடிய வழியாக, 1892இல் புரூக்ளினில் கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கம், சிசுக்களையும் முதியோரையும் நாட்பட்ட நோயாளிகளையும் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் வகையைச் சில மாதங்களில் கற்பிக்கும் வகுப்பை ஆரம்பித்தது.

1903இல் வட கரோலினா ராஜ்யம் தாதியரைப் பதிவு செய்யும் அந்நாட்டின் முதற்சட்டத்தை இயற்றிற்று. பயின்றவளையும் பயிலாதவளையும் பொதுஜனங்கள் பிரித்தறிய இயலாதிருந்த காலத்தில் அது நியாயமான சட்டமே. குறுகிய வகுப்புகளில் பயின்ற பிராக்டிகல் நர்ஸுகளுக்கெனத் தனிச் சட்டம் 1914இல் மிசிசிப்பியில் பிறந்தது. இவ்வாறு இரண்டு உரிமங்கள் உண்டாயின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறுவதற்குப் படி மாத்திரம் உண்டாகவில்லை. பல்லாண்டுக் காலம் நோயாளியின் படுக்கையருகே நின்று, முகக்குறி கண்டே ஜுரத்தின் போக்கை ஊகிக்கவல்ல ஒருத்தி, தெர்மாமீட்டரைத் தொட்டே அறியாத சிறு பெண்ணுக்குப் பக்கத்தில் அமர்ந்து முதற்பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்ததை அநீதி என்றே நான் சொல்லுவேன்.

பண உதவி என்ன செய்யவல்லது என்பதை இரண்டாம் உலக யுத்தகாலம் காட்டிற்று. 1943இல் நிறைவேறிய போல்டன் சட்டத்தின்படி, கேடட் நர்ஸ் படையில் சேர்ந்த மாணவிகளின் படிப்புச் செலவையும் சீருடையையும் சர்க்காரே ஏற்று, மாதந்தோறும் உதவிப்பணமும் அளித்தது. 1,20,000க்கு மேற்பட்டோர் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர். யுத்தம் முடிந்ததும் அத்திட்டத்தில் புதிதாக மாணவிகளைச் சேர்ப்பது நின்றது.

நிரந்தரமான மாறுதலுக்குக் காரணமாயிருந்தவர் மில்ட்ரெட் மான்டேக் என்னும் கல்வியறிஞர். இரண்டே ஆண்டுகளில், ஆஸ்பத்திரியின் ஆதீனத்திலிருந்து விலகிக் கல்லூரியிலேயே தாதியை உருவாக்கலாம் என்ற அவருடைய யோசனையை, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி 1952இல் தொடங்கி ஏழு ஜூனியர் மற்றும் சமுதாயக் கல்லூரிகளில் பரீட்சித்துப் பார்த்தது. பிராக்டிகல் நர்ஸை மனத்திற்கொண்டு அவர் அதை வகுக்கவில்லையாயினும், வீட்டுக்கருகே குறைந்த கட்டணத்தில் நடக்கும் அக்கல்லூரிகளே நாளடைவில் அவளுக்குரிய படியாயின. முன்பு கற்றதைப் பரீட்சித்து, அதற்குரிய பாடங்களைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே பரவிற்று. ஓர் அரையாண்டு குறைந்தாலும் கட்டணத்தோடு அவ்வரையாண்டுச் சம்பள நஷ்டமும் குறைகிறதல்லவா? 1969இல் நியூயார்க்கின் 1199 என்னும் ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கம், முதலாளிகள் செலுத்தும் பணத்தைக் கொண்டு, உறுப்பினர்கள் மேற்பயிற்சி பெறுவதற்கென ஒரு நிதியை நிறுவியது. வேலையை விடாமலே படிக்கலாம் என்ற நிலை உழைப்பாளிகள் பேரம்பேசிப் பெற்றது என்பதால், அதை இவ்வரலாற்றின் மிகச் சிறந்த அத்தியாயமாக மதிக்கிறேன்.

எனினும் குறுகிய வழியெல்லாம் நல்வழியாகிவிடாது. கலிபோர்னியாவில் பிராக்டிகல் நர்ஸ் ஒருத்தி 30 அலகுப் பாடங்களை மாத்திரம் முடித்து ரிஜிஸ்டர்ட் நர்ஸ் பரீட்சைக்கு அமரும் ஏற்பாடு உண்டு. செலவு மிகக் குறைவு. ஆனால் அவ்வழியே சென்றவளுக்குப் பட்டம் கிடையாது. பிற ராஜ்யங்களிற் பெரும்பாலானவை அந்த உரிமத்தை ஒப்புக்கொள்வதுமில்லை. ஆதலால் அவ்வழியில் காலெடுத்து வைக்குமுன், பிற்காலத்தில் வேற்றூருக்குக் குடிபெயர வேண்டிவருமா என்பதை அவள் குடும்பத்தாரோடு கலந்து யோசித்துக்கொள்ள வேண்டும்.