300 நிமிடம், 2 கோல்: கதவைச் சாத்திக்கொண்ட டிஃபென்ஸை எப்படித் திறப்பது?

2023 ஜூன் 15 முதல் ஜூலை 1 வரை, பதினேழே நாளில் இந்தியக் கால்பந்து அணி லெபனானை மூன்று முறை சந்தித்தது. முதலில் புவனேஸ்வரில் 0-0. மூன்று நாள் கழித்து அங்கேயே இன்டர்கான்டினென்டல் கோப்பை இறுதியில் 2-0. பிறகு பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் சாஃப் கோப்பை அரையிறுதி. கூடுதல் நேரத்தையும் சேர்த்து 120 நிமிடம் ஆடியும் மறுபடி 0-0. பெனால்டி ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா கரையேறியது.

கூட்டிப் பாருங்கள். 300 நிமிடத்தில் இரண்டே கோல்.

நீங்கள் ஜீவனஹள்ளியில் தங்கி வேலைக்குப் போகிறவர் என்றால், அந்த அரையிறுதி உங்கள் வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் நடந்திருக்கிறது. வாரக் கடைசியில் ஆபீஸ் டீமோடு டர்ஃபுக்குப் போகிறவர் என்றால் இந்தப் பிரச்சினை இன்னும் பக்கம். எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டு மொத்தப் பேரும் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். நாம் பாஸ் மேல பாஸ் போடுவோம். கோல் மட்டும் வராது.

ஒரு கோல் வராததன் விலை என்ன?

2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். சுனில் சேத்ரி விடைபெற்ற ஆட்டம் (2025-இல் திரும்பி வந்தார், அது வேறு கதை). 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குவைத்துக்கு எதிராக 0-0. குரூப்பின் கடைசி அட்டவணையில் குவைத்துக்கு 7 புள்ளி, இந்தியாவுக்கு 5. அன்றைக்கு ஒரே ஒரு கோல் விழுந்திருந்தால்? மற்ற முடிவுகள் அப்படியே இருந்திருந்தால் இந்தியா 7, குவைத் 6. மூன்றாம் சுற்றுக்குப் போயிருப்பது நாம்.

சரி, ஏன் திறக்க முடிவதில்லை?

மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஒரு பாதியின் பரப்பு 3,570 சதுர மீட்டர். பின்வாங்கி ஆடும் அணி அதையெல்லாம் காக்க நினைப்பதில்லை. பெனால்டி பாக்ஸின் அகலம் சுமார் 40 மீட்டர். அந்த அகலத்தில் 25 மீட்டர் ஆழத்துக்குப் பத்துப் பேர் நின்றால், தலைக்கு 100 சதுர மீட்டர்தான். ஓரத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். 'லோ பிளாக்' என்பது இதுதான். பந்து உங்களிடம் இருப்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அவர்களுடைய திட்டமே அதுதான்.

2022 உலகக் கோப்பையில் மொராக்கோவிடம் ஸ்பெயின் இதில்தான் மாட்டியது. 120 நிமிடம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள், கோலை நோக்கிச் சரியாகப் போன ஷாட் ஒன்றே ஒன்று. பெனால்டியில் 3-0 என வெளியேறினார்கள். 2018-இல் ரஷ்யாவுக்கு எதிராகவும் அவர்களுக்கு இதே அனுபவம்தான். அதனால் டிவியில் வரும் 'பொசஷன்' சதவீதத்தைப் பார்த்து யாராவது சந்தோஷப்பட்டால் நான் கொஞ்சம் சிரித்துக்கொள்வேன். கடைசிப் பாஸ் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

புவனேஸ்வரின் 46வது நிமிடம்

இடைவேளை முடிந்த உடனேயே கோல் வந்தது. வலப் பக்கத்தில் நிகில் பூஜாரி குதிகாலால் பந்தைத் தட்டிவிட்டார். லாலியன்ஸுவாலா சாங்டே அதை வாங்கிப் பாக்ஸுக்குள் புகுந்து, தாழ்வாகக் குறுக்கே கொடுத்தார். கோல் முன்னால் சேத்ரி. முடிந்தது.

பக்கவாட்டில் கோல் கோடு வரை ஊடுருவி, அங்கிருந்து பின்னோக்கித் தரையோடு கொடுக்கும் பாஸுக்கு 'கட்பேக்' என்று பெயர். இது ஏன் வேலை செய்கிறது? பந்து கோல் கோட்டுப் பக்கம் போனதும் டிஃபெண்டர்கள் எல்லோரும் தங்கள் கோலைப் பார்த்தபடி பின்னால் ஓட வேண்டும். பந்தையும் தங்கள் முதுகுக்குப் பின்னால் வரும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. பாஸை வாங்குகிறவர் பந்துக்குப் பின்னால் இருப்பதால் ஆஃப்சைடும் கிடையாது. ஷாட் அடிக்கும் இடமோ கோலுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டரில். பாக்ஸுக்கு வெளியிலிருந்து தூக்கி அடிக்கும் ஷாட்களில் நூற்றுக்கு நான்கைந்து கோலானால் பெரிய விஷயம்.

ஜூலை 4 அன்று கண்டீரவாவில் சாஃப் இறுதி. குவைத் 14வது நிமிடத்திலேயே முந்திவிட்டது. 38வது நிமிடத்தில் சேத்ரியின் பாஸோடு பாக்ஸுக்குள் ஓடிய சஹல் அப்துல் சமத், தானே அடிக்காமல் குறுக்கே தள்ளிவிட்டார். சாங்டே தட்டி உள்ளே அனுப்பினார். ஏறக்குறைய அதே கோல். ஆட்டம் 1-1 என முடிய, பெனால்டியில் 5-4 என்று கோப்பை நமக்கு வந்தது.

இந்த மாதிரி ஓட்டத்துக்கு முதலில் இடம் வேண்டும். ஒரு பக்கம் மூன்று நான்கு பேர் சேர்ந்து சின்னச் சின்னப் பாஸ் போட்டால் எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் சாயும். உடனே மறுபக்கம் நீளமாக மாற்றிவிட வேண்டும். அவர்கள் நகர்ந்து வர இரண்டு மூன்று விநாடி ஆகும். அந்த இடைவெளிதான் உங்கள் கதவு. அதற்குள் பந்தை நிறுத்தி, யோசித்து, திரும்பக் கொடுத்தால் போச்சு.

மூடிய அணிக்கு எதிராக இன்னும் இரண்டு வழி உண்டு. ஒன்று, ரீபவுண்ட். லெபனானுக்கு எதிரான இரண்டாவது கோல், நவோரம் மகேஷ் சிங் அடித்ததைக் கோல்கீப்பர் தடுத்துவிட, திரும்பி வந்ததைச் சாங்டே போட்டது. இன்னொன்று, கார்னர். சாஃப் லீக் ஆட்டத்தில் குவைத்துக்கு எதிராக அனிருத் தாபா எடுத்த கார்னரைச் சேத்ரி அந்தரத்திலேயே வாலி அடித்துக் கோலாக்கினார்.

ஆனால் எல்லோரும் முன்னால் போய்விட்டால்?

அதற்காகத்தான் எதிரணி காத்திருக்கிறது. நீங்கள் பந்தை இழக்கும் அந்த நொடியில் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் அட்டாக்கில் சேர்த்திதான். பெரிய அணிகள் இரண்டு மூன்று பேரையாவது பின்னால் நிறுத்திவிட்டுத்தான் ஏறுகின்றன. 2018 உலகக் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோல் தேடிப்போன ஜெர்மனியின் கோல்கீப்பரே கடைசியில் முன்னால் வந்து பந்தைப் பறிகொடுத்தார். காலி கோலில் இரண்டாவது கோல் விழுந்தது.

ஐந்து பேர் டர்ஃபில் இடம் இன்னும் குறைவு, ஆனால் கணக்கு மாறாது. நடுவில் டிரிபிள் செய்வதை விடுங்கள். ஒருவர் ஓரத்தில் கடைசிக் கோடு வரை ஓடட்டும், ஒருவர் கோல் முன்னால் போகாமல் நாலடி பின்னால் நிற்கட்டும், பந்து தரையோடு வரட்டும். கோல்கீப்பரைத் தவிர இன்னொருவர் பின்னாலேயே இருக்க வேண்டும். அது யார் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். 0-1 ஆன பிறகு கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.