தூயவர் என்ற செருக்கு

கி.பி. 303-இல் பேரரசன் தியோக்ளேசியன் தொடங்கிய வேதகலாபனையில், வட ஆப்பிரிக்கக் குருக்கள் சிலர் அஞ்சி, மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். கலாபனை ஓய்ந்தபின், தம்மைத் தவறாதவராகக் கருதியோர் அவர்களை ஏற்க மறுத்தனர். தாங்களே தூய திருச்சபை எனப் பிரிந்து, ஆயர் தொனாத்துஸ் தலைமையில் திரண்டனர். தம்மிடம் வந்த கத்தோலிக்கருக்கு மீண்டும் திருமுழுக்கு அளித்தனர்.

நம் பக்கமும் குற்றமற்றதன்று. முதலில் அறிவுரையாலேயே அவர்களை இணைக்க விரும்பிய புனித அகுஸ்தினார், பின்னர் அரசின் கட்டாயத்தை ஏற்றார். 411-இல் கார்த்தேஜில் நடந்த விசாரணைக்குப்பின் அவர்களது கோவில்கள் பறிக்கப்பட்டன. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர்.

இரு தரப்பும் நீதி தம் பக்கமென்றே நம்பின. இரக்கம் இடையில் அனாதையாயிற்று. இந்த ஜூபிலி நாளில், கோவிலுக்கு வரக் கூசி நிற்கும் ஒருவரையேனும், காரணம் கேளாமல் கைபிடித்து அழைத்து வருவோம்.