ஜாவர் என்ற பெயர்

‘ஏழை படும் பாடு’ படத்தை ஏறக்குறைய இருபத்தைந்து வருஷங்களுக்குப் பின் மீண்டும் பார்த்தேன். முதல் தடவை பார்த்தது தொலைக்காட்சியில், தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து. நாகையா படும் துயரத்துக்காகத் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ இன்ஸ்பெக்டரைக் கண்டு பயம். அந்தப் பயம்தான் என்னிடம் தங்கியிருக்கிறது. சட்டம், குற்றம், துரத்தல் என்ற வகையில் நம் சினிமா எடுத்த படங்களில் எனக்கு மிகப் பிடித்தது இன்றும் இதுவே.

1950இல் கோவை பட்சிராஜாவின் தயாரிப்பாக, கே. ராம்நாத் இயக்கத்தில் வந்த படம். மூலம், விக்தோர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட நாவல். ழான் வல்ழான் தமிழில் கந்தனாகிவிட்டான். ஊர், உடை, உறவு எல்லாம் நம்முடையவை ஆகிவிட்டன. துரத்தும் அதிகாரி மட்டும் பெயர் மாறவில்லை. பிரெஞ்சு உச்சரிப்பில் ழவேர். தமிழ் நாக்கில் ஜாவர். அந்த வேஷத்தில் நடித்த சீதாராமன் கடைசிவரை ஜாவர் சீதாராமனாகவே இருந்தார். 1954இல் ‘அந்த நாள்’ படத்துக்கு வசனம் எழுதி, அதிலும் துப்பறியும் அதிகாரியாகவே வந்தார். கந்தனை இன்று பலருக்கு நினைவில்லை. ஜாவர் நம் ஊர்ப் பெயராகிவிட்டது. இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் படங்களில் கோர்ட் என்பது பெரும்பாலும் ஒரு மேடை. ‘பராசக்தி’யில் (1952) குற்றவாளிக் கூண்டு சொற்பொழிவுக்காகவே போடப்பட்டது. அங்கே பேசத் தெரிந்தவன் ஜெயிக்கிறான். ராம்நாத்தின் படத்தில் சட்டம் பேசுவதில்லை. பின்னாலேயே நடந்து வருகிறது. சீதாராமன் அதை வில்லத்தனமாகச் செய்யவில்லை. முறுக்கும் உறுமலும் இல்லாமல், வேலையைச் சரியாகச் செய்கிறவனின் நிதானத்தோடு செய்தார். அதனால்தான் பயம்.

படத்துக்கு ஆதாரம் சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கம். அவர் 1920களிலிருந்து சுமார் கால் நூற்றாண்டு புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். இந்த ஊரின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது வெறும் தகவல் அல்ல. ஓடி ஒளிந்தவனின் கதையைத் தமிழுக்குத் தந்தவர், ஓடி ஒளிந்தவர்கள் வாழ்ந்த ஊர்க்காரர். பிரிட்டிஷ் வாரண்டுக்குத் தப்பி 1908இல் பாரதி இங்கே வந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். அவர்களைக் கண்காணிக்க பிரிட்டிஷ் ஒற்றர்களும் வந்து இங்கேயே குடியிருந்தார்கள். ஜாவர்கள் தெருமுனையில் நின்றார்கள். கையை மட்டும் நீட்ட முடியவில்லை. 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைதானார். சில அடி தூரத்தில் ஒரே மனிதன் அகதியாகவும் கைதியாகவும் ஆகிவிடுகிறான்.

இதில் ஒரு முரண் உண்டு. ஹ்யூகோவின் நாவலில் வேட்டையாடுவது பிரெஞ்சுச் சட்டம். இங்கே அடைக்கலம் தந்ததும் அதே பிரெஞ்சுச் சட்டம். ஆனால் அடைக்கலத்துக்கும் காகிதம் வேண்டியிருந்தது. 1911 வாக்கில் அந்நியர்கள் இங்கே தங்க, ஊர்ப் பிரமுகர்கள் ஐந்து பேரின் நற்சான்றுக் கையெழுத்து கேட்கப்பட்டது. அரவிந்தருக்கு அந்தக் கையெழுத்துகள் கிடைத்தன. ழான் வல்ழானுக்குக் கிடைத்தது மஞ்சள் நிறச் சீட்டு. ஒரு ரொட்டிக்காக ஐந்து வருஷம், தப்ப முயன்றதற்காகப் பதினான்கு. பத்தொன்பது வருஷச் சிறைக்குப் பிறகு அவனை எந்தச் சத்திரத்திலும் சேர்க்கவிடாத சீட்டு அது. நற்சான்றும் மஞ்சள் சீட்டும் ஒரே மேஜையிலிருந்துதான் வருகின்றன.

நாவலின் கோர்ட் காட்சியை மறுபடி எடுத்துப் படித்தேன். தன் பெயரில் வேறொருவன் தண்டிக்கப்பட இருக்கையில், கௌரவமான மேயராக வாழும் வல்ழான் எழுந்து, அந்தக் கைதி தானே என்கிறான். யாரும் நம்பவில்லை. பழைய சிறைத்தோழர்களின் உடம்பிலுள்ள தழும்பையும் பச்சைக்குத்தலையும் சொல்லித்தான் அவன் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தண்டனை பெறக்கூட ஒருவன் தான் தானே என்று நிரூபிக்க வேண்டும்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன். சில வருஷங்களுக்கு முன் என் கவுண்டருக்கு மீனவக் குப்பத்து அம்மாள் ஒருவர் வந்தார். பாஸ்புக்கில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்தில். கைநாட்டும் ஒத்துவரவில்லை, வலை இழுத்துத் தேய்ந்த விரல். “நான்தான் தம்பி அது” என்றார். மூன்று முறை திருப்பி அனுப்பினேன். விதிப்படி நான் செய்தது சரி. என் குரலில் கோபம்கூட இருக்கவில்லை, நிதானமாகத்தான் சொன்னேன். நான்காவது முறை அவர் வரவில்லை.

ஜாவரின் வீழ்ச்சியைக் கருணையின் வெற்றி என்று நம்மவர்கள் எழுதுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னை உயிரோடு விட்டவனைக் கைது செய்வதா, விட்டுவிடுவதா என்று அவன் கையிலிருந்த எந்த விதியும் சொல்லவில்லை. விதி இல்லாத இடத்தில் அவனுக்கு வாழத் தெரியவில்லை, ஆற்றில் குதித்துவிடுகிறான். அந்த இக்கட்டு எனக்கு நேரவே இல்லை. என்னிடம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. அந்தக் கணக்கில் இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாமற்போகவே, செயலற்ற கணக்குகளின் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலை எழுதியவன் நான்தான்.