ஊர்த் தலைவர் முதல் காவல் நிலையம் வரை: பொது இடத் தகராறு குறித்த புகாரின் வரலாறு

பொது இடத்தில் குடித்துவிட்டுக் கூச்சலிடுதல், ஆபாசமாகத் திட்டுதல், அடிதடியில் இறங்குதல் போன்றவை ஒழுங்கீனச் செயல்கள் எனப்படும். கொலை, கொள்ளையோடு ஒப்பிட்டால் இவை சிறு குற்றங்களே. ஆனால் சாதாரண மக்கள் அரசு அதிகாரத்தை நேரில் சந்திப்பது பெரும்பாலும் இத்தகைய தகராறுகளின்போதுதான். தமிழகத்தில் இவற்றை யாரிடம் முறையிடுவது, கேட்டவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்ற இரண்டும் கடந்த இருநூறு ஆண்டுகளில் வெகுவாக மாறியுள்ளன. அந்த மாற்றத்தை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

காவல் உரிமை

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் வருகிறது. ஊரைக் காப்பதற்காகப் பெறப்பட்ட வரியை அது குறிக்கும். பிற்காலத்தில் பாளையக்காரர்கள் 'தேசகாவல்' என்ற பெயரிலும், ஊர்க் காவல்காரர்கள் 'ஸ்தலகாவல்' என்ற பெயரிலும் இதற்கான கட்டணத்தைப் பெற்றனர். களவு போனால் திருடனைப் பிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்பது வழக்கம். அதாவது முறையீட்டைக் கேட்டவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. ஆனால் அந்தப் பொறுப்பு வழக்கத்தைச் சார்ந்திருந்தது. காவல்காரரே கெடுபிடி செய்து பணம் பறித்தால் மக்களுக்குப் போக்கிடம் இல்லை. 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களுக்குப் பிறகு கிழக்கிந்தியக் கும்பினி இந்தக் காவல் உரிமைகளைப் பறித்துக்கொண்டது.

1816: ஒரே குற்றம், இரு தண்டனை

கும்பினி முதலில் தாரோகா என்ற காவல் அதிகாரிகளை நியமித்துப் பார்த்தது. அம்முறை சரிப்படவில்லை. தாமஸ் மன்றோ தலைமையில் அமைந்த ஆணையத்தின் பணியைத் தொடர்ந்து 1816-இல் 11-ஆம் ஒழுங்குவிதி வந்தது. மாவட்டத்தில் கலெக்டர், தாலுகாவில் தாசில்தார், ஊரில் கிராமத் தலைவர் என்று காவல் பொறுப்பு வரிசையாக ஒப்படைக்கப்பட்டது. கர்ணமும் தலையாரியும் கிராமத் தலைவருக்குத் துணை நின்றனர்.

வசைமொழி, சிறு கைகலப்பு ஆகியவற்றைக் கிராமத் தலைவரே விசாரித்துத் தண்டிக்கலாம் என்றது இந்த விதி. குற்றம் செய்தவரை ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ஆனால் அவர் 'தாழ்ந்த' சாதியார் எனக் கருதப்பட்டவராக இருந்தால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். தொழுமரம் என்பது கால்களைத் துளைகளில் நுழைத்துப் பூட்டும் கனத்த மரச்சட்டம்.

இந்த விதியை மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். சண்டையிட்ட இருவரில் ஒருவருக்குச் சாவடி, மற்றவருக்குத் தொழுமரம். செயல் ஒன்றுதான், பிறப்புதான் வேறு. சாதி வேற்றுமை ஊர் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. அரசின் எழுதப்பட்ட விதியாகவும் இருந்தது. இந்நிலையில் ஒடுக்கப்பட்ட ஒருவர் தன்னை அடித்த ஆதிக்கச் சாதியாரைப் பற்றி ஊர்த் தலைவரிடம் முறையிட எவ்வளவு தயங்கியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1855: சித்திரவதை ஆணையம்

1816-ஆம் ஆண்டின் ஏற்பாட்டில் இன்னொரு குறையும் இருந்தது. வரி வசூலிப்பவரே காவல் அதிகாரியாகவும் இருந்தார். வரிப் பாக்கிக்காகக் குடியானவரைத் துன்புறுத்தியவரிடமோ அவருடைய மேலாளரிடமோதான் அந்தக் குடியானவர் முறையிட வேண்டும்.

இது பற்றிய குற்றச்சாட்டுகள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றன. அதன்பின் அமைக்கப்பட்ட சித்திரவதை ஆணையம் 1855-இல் அறிக்கை தந்தது. விரல்களை நெரிக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கட்டி வைக்கும் 'அண்ணாந்தாள்' ஆகிய கொடுமைகளை அது பதிவு செய்தது. தொலைவான மாவட்டங்களிலிருந்தும் மக்கள் ஆணையத்தை நாடி வந்தனர். உள்ளூரில் அவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இதன் விளைவாக 1859-இல் 24-ஆம் சட்டம் இயற்றப்பட்டது. காவல்துறை வருவாய்த்துறையிலிருந்து பிரிக்கப்பட்டு, தனித் தலைமையின் கீழ் வந்தது. எனினும் சில்லறைக் குற்றங்களில் கிராமத் தலைவரின் அதிகாரம் உடனே மறைந்துவிடவில்லை.

சட்டத்தில் சிறு குற்றங்கள்

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் சாதி பாராமல் ஒரு குற்றத்துக்கு ஒரே அளவு தண்டனை வகுத்தது. பொது இடத்தில் கைகலப்புக்கு 160-ஆம் பிரிவு. ஆபாசச் சொல்லுக்கும் செயலுக்கும் 294-ஆம் பிரிவு. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை தருவதற்கு 510-ஆம் பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவின்படி 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 வரை அந்தப் 10 ரூபாய் மாறவேயில்லை.

சென்னை நகருக்கென 1888-இல் தனிக் காவல் சட்டம் வந்தது. குடிபோதை ரகளைக்காக அதன் 75-ஆம் பிரிவில் போடப்படும் வழக்கைத்தான் மக்கள் 'பெட்டி கேஸ்' என்கிறார்கள்.

பதிவு செய்யும் கடமை

தண்டனையை விட முக்கியமான மாற்றம் புகாரைப் பதிவு செய்வதில் நிகழ்ந்தது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 154-ஆம் பிரிவில், வாய்மொழியாகச் சொல்லப்படும் தகவலை நிலைய அதிகாரி எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும் என்றது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் புகார் தர இது வழி செய்தது. 1973-ஆம் ஆண்டின் சட்டம் மேலும் இரண்டைச் சேர்த்தது: முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், நிலையத்தில் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

ஆயினும் பதிய மறுப்பது நிற்கவில்லை. 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காவல்துறை தானே விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வெளிப்படுத்தினால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு போன்ற சில வகைகளில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தந்தது.

மிகச் சிறிய குற்றங்களைக் காவல்துறை நீதிமன்ற உத்தரவின்றி விசாரிக்க இயலாது. அப்போதும் தகவலின் சாரத்தைப் பதிவேட்டில் எழுதி, புகார்தாரரை நீதிமன்ற நடுவரிடம் அனுப்ப வேண்டும். வெறுங்கையோடு திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. குடிபோதைத் தொல்லைக்கான அபராதம் 1,000 ரூபாய் வரை உயர்ந்துள்ளது. சமூக சேவையும் தண்டனையாக விதிக்கப்படலாம். காவல்துறை நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றமானால், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். அவசர உதவிக்கு 100, 112 ஆகிய எண்கள் உள்ளன. தமிழ்நாட்டில் புகார் மனு பெற்றதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது தரப்படுகிறது.

அந்த ரசீதைக் கேட்டு வாங்குவதைப் பலர் தேவையற்ற வேலையாக நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சாவடியில் வாயால் சொன்ன முறையீடு, கேட்டவரின் மனம்போல் நிலைத்தது அல்லது மறைந்தது. தேதியும் எண்ணும் இட்ட ஒரு தாள் கையில் இருந்தால், "அப்படி ஒரு புகாரே வரவில்லை" என்று பின்னாளில் எவரும் சொல்ல முடியாது. சாட்சி சொல்ல ஆளில்லாத ஏழைக்கு அந்தத் தாளே முதல் சாட்சி.