ஒரே கம்ப்யூட்டர், பல தாய்மொழிகள்: எம்எஸ்எக்ஸ் ரசிகர்கள் கூட்டத்தில் ஆங்கிலம் ஏன் சிறுபான்மை?

1980-களில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தூசி தட்டி, பழுது பார்த்து, இன்றும் ஓட வைக்கும் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களில் பெரும்பாலும் காதில் விழுவது ஆங்கிலம். ஆனால் எம்எஸ்எக்ஸ் ரசிகர்களை ஓரிடத்தில் உட்கார வைத்தால் கதையே வேற. ஒருவர் டச்சு பேசுவார், பக்கத்தில் இருப்பவர் ஸ்பானிஷ், அவருக்கு அடுத்தவர் போர்ச்சுகீஸ், எதிரே இருப்பவர் ஜப்பானியம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரைத் தேடித்தான் பிடிக்கணும்.

ஒரு கம்ப்யூட்டரின் ரசிகர்கள் என்ன மொழி பேசுவார்கள் என்பதை எது முடிவு செய்கிறது? கம்பெனிகள், அரசுகளின் வரிச் சட்டங்கள், பள்ளிக்கூடங்கள், நினைவக அளவு என்று பல விஷயங்கள் இதற்குள் இருக்கின்றன. விரிவாகப் பார்க்கலாம்.

எம்எஸ்எக்ஸ் என்றால் என்ன?

எம்எஸ்எக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் கிடையாது. அது ஒரு தர நிர்ணயம். 1980-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி வகைக் கம்ப்யூட்டரை விற்றது. ஒன்றில் ஓடும் புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. இதற்கு முடிவு கட்ட, ஜப்பானின் ஆஸ்கி நிறுவனத்தைச் சேர்ந்த கசுஹிகோ நிஷி, மைக்ரோசாஃப்ட்டுடன் சேர்ந்து 1983 ஜூனில் ஒரு பொதுத் தரத்தை அறிவித்தார்.

இசட்80 பிராசசர், 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கேபி அளவுள்ள மைக்ரோசாஃப்ட் பேசிக், ஒரே மாதிரியான கார்ட்ரிட்ஜ் செருகும் இடம். இந்த விதிகளுக்கு உட்பட்டு யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் தயாரிக்கலாம். சோனி, நேஷனல் பெயரில் மட்சுஷிடா, தோஷிபா, சான்யோ, கேனன், யமஹா, பிலிப்ஸ், டேவூ என வரிசையாகக் களம் இறங்கினார்கள். சோனி கம்ப்யூட்டருக்கு வாங்கிய கேம், பிலிப்ஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் என்ன ஆனது?

இங்கேதான் முதல் திருப்பம். அமெரிக்காவில் எம்எஸ்எக்ஸ் நுழையும் நேரத்தில், காமடோர் 64 விலையை வெட்டி வெட்டிப் போட்டியாளர்களை ஓரங்கட்டிக் கொண்டிருந்தது. ஜப்பானின் பெரிய கம்பெனிகள் அந்தச் சந்தைக்குள் முழு பலத்துடன் இறங்கவே இல்லை. ஸ்பெக்ட்ராவிடியோ, இசைக் கலைஞர்களுக்காக வந்த யமஹா மாடல் எனக் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அங்கே விற்பனைக்கு வந்தன.

பிரிட்டனில் 1984-ன் இறுதியில் எம்எஸ்எக்ஸ் வந்து சேர்ந்தது. அதற்குள் வீடுகளில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் காமடோரும், பள்ளிகளில் பிபிசி மைக்ரோவும் உட்கார்ந்துவிட்டன. தாமதமாக வந்த விருந்தாளிக்கு இலை போட ஆள் இல்லை.

அமெரிக்காவும் பிரிட்டனும் கைவிட்ட பிறகு, எம்எஸ்எக்ஸ் எங்கே வேரூன்றியதோ அந்த ஊர் மொழிகள்தான் ரசிகர்களின் மொழிகள் ஆயின.

டச்சு: பிலிப்ஸ் பிறந்த வீடு

1980-களின் நடுவில் நெதர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 1.45 கோடி. இவ்வளவு சிறிய நாட்டிலிருந்து இத்தனை ரசிகர்களா என்று கேட்டால், பதில் ஐந்தோவன் நகரத்தில் இருக்கிறது. பிலிப்ஸ் பிறந்த ஊர் அது. உள்ளூர் நிறுவனமே எம்எஸ்எக்ஸ் விற்றதால் கடை, சர்வீஸ், விளம்பரம் எல்லாம் வீட்டு வாசலில் கிடைத்தன. பிலிப்ஸின் எம்எஸ்எக்ஸ்2 மாடல்கள் டிஸ்க் டிரைவோடு வந்ததால், புரோகிராம் எழுதிப் பழகியவர்களும் அதிகம்.

டச்சு மொழியிலேயே எம்எஸ்எக்ஸ் இதழ்கள் வந்தன. டில்பர்க் நகரில் ஆண்டுதோறும் கண்காட்சி நடந்தது. கம்பெனிகள் கைகழுவிய பிறகும் கேம், இசை புரோகிராம், ஹார்டுவேர் எல்லாவற்றையும் ரசிகர்களே தயாரித்து அங்கே மேசை போட்டு விற்றார்கள். 2001-ல் கசுஹிகோ நிஷியே டில்பர்க் கண்காட்சிக்கு வந்தார் என்றால், டச்சு ரசிகர்களின் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம்.

ஸ்பானிஷ்: ஓர் எழுத்துக்காக ஒரு சட்டம்

ஸ்பானிஷ் மொழியில் ஓர் எழுத்து உண்டு. ஆங்கில 'என்' தலையில் ஒரு நெளிகோடு. பெயர் 'என்யே'. உச்சரிப்பு கிட்டத்தட்ட நம்ம 'ஞ'. நாட்டின் பெயரான எஸ்பாஞாவிலேயே இந்த எழுத்து இருக்கிறது. ஆனால் இறக்குமதியான பல கம்ப்யூட்டர்களில் அதற்குப் பட்டனே இல்லை.

1985-ல் ஸ்பெயின் அரசு ஒரு நடவடிக்கை எடுத்தது. 64 கேபி அல்லது அதற்குக் குறைவான நினைவகம் உள்ள, ஸ்பானிஷுக்கு ஏற்ப மாற்றப்படாத கம்ப்யூட்டர்களுக்கு இறக்குமதியில் கூடுதல் வரி. பிரிட்டனின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. தன் 64 கேபி கம்ப்யூட்டரில், பயன்படுத்தவே முடியாத 8 கேபி சிப் ஒன்றைக் கூடுதலாகச் செருகி 'சிபிசி 472' என்று விற்றது. கணக்குப்படி 72 கேபி ஆகிவிட்டதே, வரி கிடையாது! ஓட்டையைப் பார்த்த அரசு விதியை இறுக்க, கீபோர்டில் என்யே கட்டாயமானது.

1991-ல் ஐரோப்பியப் பொருளாதாரக் குழுமம் இந்த விதியை வர்த்தகத் தடை என்று எதிர்த்தது. ஸ்பெயின் விடவில்லை. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் பண்பாட்டுக்கு இருந்த விதிவிலக்கைக் காட்டி, 1993-ல் என்யே பட்டனைக் காப்பாற்றிக் கொண்டது.

எம்எஸ்எக்ஸ் தரத்தில் ஸ்பானிஷ் கீபோர்டு ஒரு தனி வகையாகவே இடம்பெற்றது. டைனமிக், டோபோ சாஃப்ட், ஓபரா சாஃப்ட் போன்ற ஸ்பெயின் கேம் நிறுவனங்களும் எம்எஸ்எக்ஸுக்கு கேம்கள் வெளியிட்டன. பார்சிலோனாவில் ரசிகர் சந்திப்புகள் 2000-க்குப் பிறகும் தொடர்ந்தன. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், அர்ஜென்டினாவில் 'டேலன்ட்' என்ற பெயரில் எம்எஸ்எக்ஸ் விற்கப்பட்டதால் அங்கேயும் ஸ்பானிஷ் பேசும் ரசிகர்கள் உருவானார்கள்.

போர்ச்சுகீஸ்: பூட்டிய எல்லைக்குள் வளர்ந்த கூட்டம்

பிரேசிலின் கதை தனி. உள்நாட்டுத் தொழிலை வளர்க்க, 1984-ல் அந்த நாடு தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. உள்ளூரில் தயாரித்ததைத்தான் வாங்கணும்.

இந்தச் சூழலில் 1985-ல் கிராடியன்டே நிறுவனத்தின் 'எக்ஸ்பர்ட்', பிரேசில் ஷார்ப்பின் 'ஹாட்பிட்' என இரண்டு எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டர்கள் சந்தைக்கு வந்தன. வெளியிலிருந்து போட்டி இல்லாததால் இரண்டும் ஒரு தலைமுறைக்கே முதல் கம்ப்யூட்டர் ஆயின. இறக்குமதிப் பூட்டு திறந்தது 1990-களின் தொடக்கத்தில்தான். ஜப்பானில் எம்எஸ்எக்ஸ்2 வந்த பிறகும் பிரேசில் கடைகளில் முதல் தலைமுறை மாடல்தான். அதனால் சொந்தமாகவே மேம்படுத்தும் கிட்களைச் செய்து பொருத்தினார்கள். கையேடு, இதழ், புத்தகம் எல்லாம் போர்ச்சுகீஸில். சாவ் பாவ்லோ மாநிலத்தின் ஜாவ் என்ற சிறிய ஊர் பின்னாளில் ரசிகர் சந்திப்புக்குப் பெயர் பெற்றது.

ஜப்பானியம்: நினைவகத்தைவிடப் பெரிய எழுத்துகள்

எம்எஸ்எக்ஸ் பிறந்த ஜப்பானில் வேறு மாதிரிச் சிக்கல். ஹிரகானா, கதகானா எழுத்துகளை 256 இடங்கள் கொண்ட பட்டியலுக்குள் எப்படியோ அடைத்துவிட்டார்கள். ஆனால் காஞ்சி?

கணக்கு எளிதுதான். ஒரு காஞ்சி எழுத்தைத் திரையில் வரைய 16-க்கு 16 புள்ளிகள் வேண்டும். அதாவது 32 பைட். ஜப்பானிய தரப் பட்டியலின் முதல் நிலையில் மட்டும் 2,965 காஞ்சி எழுத்துகள். பெருக்கினால் 94,880 பைட். எம்எஸ்எக்ஸ் பிராசசர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மொத்த நினைவகமே 65,536 பைட்தான். எழுத்துகளின் வடிவம் மட்டுமே முழு நினைவகத்தையும் தாண்டிவிடுகிறது!

அதனால் காஞ்சி எழுத்துகளைத் தனி சிப்பில் வைத்து, ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக வாங்குவது போல எடுத்தார்கள். 1988-ல் வந்த எம்எஸ்எக்ஸ்2 பிளஸ், 1990-ல் வந்த டர்போ ஆர் ஆகிய அடுத்த தலைமுறைகள் அதிகாரபூர்வமாக ஜப்பானில் மட்டுமே வெளியாகின. அவற்றைப் பயன்படுத்த நினைத்த மற்ற நாட்டு ரசிகர்கள் ஜப்பானியக் கையேடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கொரியன், அரபி, ரஷ்யன் எங்கிருந்து வந்தன?

தென் கொரியாவில் டேவூ, சாம்சங், இன்று எல்ஜி என்று அறியப்படும் கோல்ட்ஸ்டார் மூன்றுமே எம்எஸ்எக்ஸ் தயாரித்தன. ஹாங்குல் எழுத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் அசையாக அமரும். இப்படி 11,172 அசைகள் சாத்தியம். தட்டச்சு செய்யும்போதே துண்டுகளைச் சேர்த்து அசையாக்கும் வேலையை கொரிய எம்எஸ்எக்ஸ் செய்தது.

அரபி உலகத்துக்கு குவைத்தின் அல் ஆலமியா நிறுவனம் 'சக்ர்' என்ற பெயரில் எம்எஸ்எக்ஸை வடிவமைத்துக் கொடுத்தது. அரபி வலமிருந்து இடமாக ஓடும். ஒரே எழுத்து, சொல்லின் தொடக்கத்தில், நடுவில், முடிவில், தனியாக என நான்கு வடிவங்கள் வரை எடுக்கும். இவ்வளவையும் 8-பிட் கம்ப்யூட்டரில் கொண்டு வந்தார்கள். நிறுவனத்தின் முகமது அல் ஷாரிக்குக்கு, குர்ஆனையும் ஹதீஸையும் கணினிக்குக் கொண்டு வந்ததற்காக 2021-ல் மன்னர் ஃபைசல் விருது கிடைத்தது.

சோவியத் யூனியனில் 1985 செப்டம்பரில் கணினியியல் பள்ளிப் பாடமானது. வகுப்பறைகளுக்கு யமஹாவின் எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டர்கள் வாங்கப்பட்டன. ரஷ்ய கீபோர்டு, ஆசிரியர் மெஷினோடு மாணவர் மெஷின்களை இணைக்கும் நெட்வொர்க் எல்லாம் உண்டு. ரஷ்யன் பேசும் ரசிகர்களில் பலருக்கு எம்எஸ்எக்ஸ் என்பது வீட்டு நினைவு இல்லை, வகுப்பறை நினைவு.

மெஷினுக்கே தன் நாடு தெரியுமா?

தெரியும். ஒவ்வொரு எம்எஸ்எக்ஸின் நிரந்தர நினைவகத்திலும் இரண்டு பைட் இதற்காகவே ஒதுக்கப்பட்டன. எழுத்துப் பட்டியல் ஜப்பானியமா, சர்வதேசமா, கொரியனா. கீபோர்டு பிரெஞ்சா, ஜெர்மனா, ரஷ்யனா, ஸ்பானிஷா. தேதியில் நாள் முதலா, வருடம் முதலா என்ற தகவல்கள் அதற்குள் இருக்கும். ஒரு புரோகிராம் அதைப் படித்து, தான் எந்த ஊரில் ஓடுகிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

சிக்கலும் இங்கேதான். ஜப்பானிய பட்டியலில் கதகானா இருக்கும் இடங்களில், ஐரோப்பிய பட்டியலில் வேறு எழுத்துகளும் குறியீடுகளும் இருந்தன. அதனால் ஜப்பானில் பேசிக் மொழியில் எழுதிய புரோகிராமை நெதர்லாந்தில் ஓட்டினால், வசனங்கள் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக வரும். புரோகிராம் ஓடும், மொழி உடைந்துவிடும்.

எல்லாரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்?

பதில், ஆங்கிலம். கிட்டத்தட்ட எல்லாருக்கும் இரண்டாம் மொழி என்பதால், யாருக்கும் சொந்த ஊர் சலுகை கிடையாது. நெதர்லாந்து, பெல்ஜியம் ரசிகர்கள் 2001 வாக்கில் தொடங்கிய ஓபன்எம்எஸ்எக்ஸ் எமுலேட்டரின் கையேடு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

இதற்குச் சிறந்த உதாரணம் 'எஸ்டி ஸ்நாட்சர்'. கொனாமி 1990-ல் எம்எஸ்எக்ஸ்2-க்காக வெளியிட்ட இந்த கேமில் வசனங்கள் நிறைய. வந்தது ஜப்பானியத்தில் மட்டும். 1993-ல் ஒயாசிஸ் என்ற டச்சு ரசிகர் குழு அதை மொழிபெயர்த்தது. எந்த மொழிக்கு? டச்சுக்கு அல்ல, ஆங்கிலத்துக்கு. தங்கள் ஊரைத் தாண்டி ஸ்பெயினுக்கும் பிரேசிலுக்கும் போய்ச் சேரணும் என்றால் அதுதான் வழி. ரசிகர்களே கேம்களை மொழிபெயர்க்கும் வழக்கத்தின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்றாக இது சொல்லப்படுகிறது.

அதே 1990-ல் ஹிடியோ கொஜிமா எம்எஸ்எக்ஸ்2-க்காக உருவாக்கிய 'மெட்டல் கியர் 2'-க்கு, அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் கிடைக்க சுமார் 15 வருடங்கள் ஆனது. அதுவரை மற்ற நாட்டு ரசிகர்களுக்குக் கைகொடுத்தது சக ரசிகர்களின் மொழிபெயர்ப்புதான்.

இது ஏன் முக்கியம்?

1985-ல் 12 வயதில் எம்எஸ்எக்ஸ் முன்னால் உட்கார்ந்தவர் இன்று 50-ஐத் தாண்டியவர். டேப்புகளும் ஃப்ளாப்பிகளும் அழிந்து வருகின்றன. கேம்களைக் காப்பி எடுத்து வைக்கப் பலர் இருக்கிறார்கள். ஆனால் மேம்படுத்தும் கிட்டைச் செய்த முறை பிரேசிலின் போர்ச்சுகீஸ் இதழில் இருக்கிறது. சவுண்ட் சிப் நுணுக்கம் ஜப்பானிய இதழில். வகுப்பறை நெட்வொர்க் விவரம் ரஷ்யக் கையேட்டில். ஒரு மொழிக்காரர் பத்து வருடத்துக்கு முன்பே தீர்த்த பிரச்சினையை, இன்னொரு மொழிக்காரர் முதலில் இருந்து தொடங்குவதும் நடக்கும்.

இதழ்களை ஸ்கேன் செய்வதோடு வேலை முடிவதில்லை. பழைய சொற்களும் கேலிகளும் சுருக்கெழுத்துகளும் நிறைந்த பக்கங்களை இயந்திர மொழிபெயர்ப்பு தடுமாறித்தான் கடக்கிறது. 'இந்த வரிக்கு இதுதான் அர்த்தம்' என்று சொல்ல, அந்த மொழியும் அந்த மெஷினும் இரண்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பதுதான் எம்எஸ்எக்ஸ் ரசிகர்கள் முன்னால் இப்போது இருக்கும் வேலை.