கர்ணனுக்கு எந்தக் கட்டம்?

போன லீவுக்குத் திருவண்ணாமலை போயிருந்தப்போ அக்கா பையன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடக் கூப்பிட்டான். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஆளாகவே பேசி, பகடை உருட்டி ஆடுவது. பாத்திரத்துக்கான தாளில் 'அலைன்மென்ட்' என்று ஒரு இடம். "உங்க ஆள் நல்லவனா கெட்டவனா, ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவனா இல்லையா, எழுதுங்க மாமா" என்றான். நான் வைத்த பேர் கர்ணன். பேனா நகரவில்லை.

அன்று ராத்திரி இந்த அலைன்மென்ட்டின் கதையைத் தோண்டினேன். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்றே பிரிவு: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் கதைகளிலிருந்து வந்த யோசனை. அதில் குணத்தைவிட, சண்டையில் நீ யார் பக்கம் என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1976 பிப்ரவரியில் கைகாக்ஸ் எழுதிய ஒரு கட்டுரை நன்மை-தீமையைத் தனி அச்சாகப் பிரித்தது. 1978 கையேட்டில் மூணுக்கு மூணு, ஒன்பது கட்டம். ரெண்டு வேரியபிளில் மனுஷன் அடக்கம்! 1979 விதிநூல்படி அலைன்மென்ட் மாறினால் ஒரு லெவல் போச்சு. 2008-ல் ஐந்தாகச் சுருக்கி, 2014-ல் திரும்ப ஒன்பதாக்கினார்கள்; ஆனால் அந்தத் தண்டனை இல்லை.

நம்ம மாவட்டத்தில் இதைவிடப் பழைய வேஷம் கட்டும் கலை இருக்கிறது. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடிய பாரதக் கூத்து. புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாக ஆடுகிறது. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்றே பாடித் தன்னை யாரென்று சொல்வார். கட்டியக்காரன் கேள்வி கேட்டுக் கிண்டலடிப்பான். துரியோதனன், அர்ஜுனன், கர்ணன் எல்லாருக்கும் கட்டை வேஷம்தான்: பெரிய கிரீடம், புஜக்கட்டை. கிரீடத்தை வைத்து நல்லவன் யாரென்று கண்டுபிடிக்க முடியாது.

'கர்ண மோட்சம்' 17-ம் நாள் போர். பாண்டவர்கள் தன் தம்பிகள் என்று கர்ணனுக்குத் தெரியும். இருந்தும் அங்க நாடு தந்தவனுக்குச் செஞ்சோற்றுக்கடன். சாகும் நேரத்தில் அந்தணர் வேஷத்தில் வந்த கண்ணனுக்கு, செய்த புண்ணியத்தையும் தானம் பண்ணுகிறான். வில்லிபாரதத்திலும் இது உண்டு. ஆனால் சூதுச் சபையில் திரௌபதியை இழிவாகப் பேசியவனும் இவனேதான். அந்தத் திரௌபதியைத்தான் ஊர் அம்மனாகக் கும்பிடுகிறது. அவள் திருவிழாவில், அவளைக் கும்பிடும் ஜனமே கர்ணனுக்காக அழுகிறது. அவன் பேசியதை மறந்துவிட்டு அழவில்லை. அதே திருவிழாவில் சபை நடந்ததையும் பார்த்தவர்கள்தான்.

ஒன்பது கட்டத்தில் இதற்கு இடமில்லை. 1974 விதியில்கூட ஓரளவு ஒட்டும், ஏன்னா அது பக்கத்தை மட்டும்தான் கேட்டது. மறுநாள் காலை அந்த இடத்தில் "துரியோதனன் பக்கம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

"இப்படி ஒரு ஆப்ஷனே கிடையாது மாமா" என்றான் பையன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "சரி, உருட்டுங்க."