போயிட்டு வர்றவர்களின் துறைமுகம்

வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்லணும். பாட்டியிடம் திட்டு வாங்கியே இதை நம்மில் பலர் கற்றிருப்போம். அயர்லாந்தின் தென்கரையில் இருக்கும் கார்க் துறைமுகத்தின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவை இந்த இரண்டு சொற்கள்தான். அந்தத் துறைமுகத்தில் கடலுக்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு, போனவர்கள் போனவர்களாகவே ஆனதும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே தண்ணீர், ஒரே காற்று.

உலகின் மிகப் பழைய யாட் கிளப் இங்கேதான் பிறந்தது. இன்றைய ராயல் கார்க் யாட் கிளப்பின் தொடக்கம் 1720. 'யாட்' என்ற சொல்லே டச்சுக்காரர்களுடையது. இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி அரியணை ஏறிய 1660-இல் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் அவருக்கு ஒரு யாட்டைப் பரிசளித்தார்கள். மறு வருஷமே மன்னரும் அவர் தம்பியும் தேம்ஸ் நதியில் பந்தயம் கட்டிப் படகு விட்டார்கள். சரக்கும் இல்லை, மீனும் இல்லை; சும்மா கடலுக்குப் போய்விட்டு வருவது என்ற வழக்கம் பெரிய மனிதர்களிடையே பரவியது. இன்சிக்வின் பிரபு வில்லியம் ஓ'பிரையனும் அவருடைய நண்பர்களும் கார்க் துறைமுகத்தில் அதற்கென்று ஒரு 'தண்ணீர் கிளப்' அமைத்தார்கள். மொத்தம் 25 பேர்தான் உறுப்பினர்கள். ஹால்போலின் தீவில் கூடுவார்கள்.

அவர்கள் எழுதி வைத்த விதிகள் இன்றும் கிடைக்கின்றன. படிக்கச் சுவாரசியமானவை. தலைவருக்கு அட்மிரல் என்று பெயர். எந்தப் படகும் அவருடைய படகை முந்தக் கூடாது. விருந்து கொடுக்கும் அட்மிரல் இரண்டு இறைச்சிப் பதார்த்தங்களுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. நீள வால் வைத்த பொய்முடி, பெரிய கைகள் வைத்த சட்டை எல்லாம் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு படகு விடுவதைப் பற்றிப் பேசினால் தண்டனை உண்டு: நிரம்பி வழியும் ஒரு கோப்பையைக் குடித்துத் தீர்க்க வேண்டும்! தண்டனையா வெகுமதியா என்று தெரியவில்லை.

அதே காலத்தில் அயர்லாந்தில் வேறு விதிகளும் இருந்தன. நாட்டின் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர்கள் நிலம் வாங்க முடியாது. பாராளுமன்றத்தில் உட்கார முடியாது. ஐந்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரையைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. குதிரைக்கே இந்தக் கதி என்றால் யாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1765-க்குப் பிறகு கிளப் உறங்கிப்போனது. 1806-இல் மீண்டும் உயிர் பெற்று, 1831-இல் 'ராயல்' பட்டமும் வாங்கியது. துறைமுக ஊரான கோவுக்கு 1849-இல் விக்டோரியா ராணி வந்து போனார், ஊர் குயின்ஸ்டவுன் ஆனது. 1854-இல் அங்கே தண்ணீரை ஒட்டி கிளப்புக்கு அழகான ஒரு கட்டடம் எழுந்தது.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1845-இல் உருளைக்கிழங்கு அழுகி, பெரும் பஞ்சம் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் நாட்டை விட்டுப் போனார்கள். பஞ்சம் முடிந்தும் போவது நிற்கவில்லை. 1848 முதல் 1950 வரை அயர்லாந்தை விட்டுப் போன 60 லட்சம் பேரில் சுமார் 25 லட்சம் பேர் கப்பல் ஏறியது இந்த ஒரே துறைமுகத்தில். கிளப் மாடத்தில் நின்றால் பந்தயப் படகுகளும் தெரியும், அமெரிக்கக் கப்பல்களும் தெரியும்.

புறப்படுகிறவருக்கு முந்தைய இரவு வீட்டில் நடக்கும் சடங்குக்கு 'அமெரிக்க இழவு' என்று பெயர். செத்தவருக்குக் கண்விழிப்பதுபோல, உயிரோடு இருக்கிறவரை நடுவில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாட்டு, ஆட்டம், அழுகை. திரும்பி வரப்போவதில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாக்களிடம் போய் 'போயிட்டு வர்றேன்' என்று யார் சொல்ல முடியும்?

1891 டிசம்பரில் ஆனி மூர் என்ற 17 வயதுப் பெண் தன் இரண்டு தம்பிகளோடு இங்கே கப்பல் ஏறினாள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் பதிவானது அவள் பெயர். 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் வந்து துறைமுக வாயிலில் நின்றது. கரையிலிருந்து சிறு கப்பல்களில் போய் ஏறியவர்கள் 123 பேர். அவர்களில் 113 பேர் மூன்றாம் வகுப்பு.

மோட்டார் படகுகளின் வரலாற்றிலும் இந்தக் கிளப்புக்கு இடம் உண்டு. ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்கான முதல் சர்வதேச மோட்டார் படகுப் பந்தயம் 1903-இல் குயின்ஸ்டவுனில்தான் நடந்தது. மணிக்கு 20 மைல்கூட எட்டவில்லை, அன்றைக்கு அதுவே பெரும் வேகம். வென்ற நேப்பியர் படகில் சுக்கானைப் பிடித்தவர் டோரதி லெவிட் என்ற இளம்பெண். கோப்பையில் பொறிக்கப்பட்டதோ, படகைப் போட்டியில் இறக்கிய செல்வின் எட்ஜின் பெயர். யார் ஓட்டினாலும் உரிமையாளர் பெயர்தான் நிற்கும். பழைய பெரிய யாட்டுகளில் பாய் இழுத்த கூலி மாலுமிகளுக்கும் இதே கதைதான்.

சுதந்திரப் போராட்டக் காலத்தில் ஊர் மறுபடி கோவ் ஆனது. கிளப் மட்டும் 'ராயல்' என்பதைக் கைவிடவில்லை. 1966-இல் ராயல் மன்ஸ்டர் கிளப்போடு இணைந்து, துறைமுகத்தின் எதிர்ப்பக்கம் இருக்கும் க்ராஸ்ஹேவனுக்குக் குடிபெயர்ந்தது. இன்று அங்கே பாய்மரக்காரர்களும் மோட்டார் படகுக்காரர்களும் ஒரே துறையில் படகு கட்டுகிறார்கள். பிள்ளைகள் சின்னப் படகுகளில் கவிழ்ந்து கவிழ்ந்து கற்றுக்கொள்கிறார்கள். எவருடைய மதத்தையும் யாரும் விசாரிப்பதில்லை. 2020-இல் கொண்டாட இருந்த முன்னூறாவது ஆண்டு விழாவைக் கொரோனா குலைத்துப்போட்டது.

கோவில் இருக்கும் பழைய கட்டடம் இப்போது கலை மையம். அதே நீர்முகப்பில் ஆனி மூருக்கும் அவள் தம்பிகளுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். இரண்டு பதார்த்தமா மூன்றா என்றுகூட எழுதி வைத்த கிளப்பின் ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன. அந்த 25 லட்சம் பேரும் வீட்டு வாசலில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.